அத்தை போட்ட ஒரு ஸ்டார்

எங்கள் மாமாவுக்கு உலகத்தில் உள்ள எல்லாப் போன்களைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. அம்மாவின் அண்ணனான அவர் படூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தார். ஒரு போன் முகத்துக்குப் பவுடர் பூசிக் காட்டும், இன்னொன்று மத்தியானத்துக்குள் சூடேறிச் செத்துவிடும், மூன்றாவதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார். அப்பா யார் பேச்சையும் லேசில் நம்புகிறவர் இல்லை. ஆனால் போன் விஷயத்தில் மட்டும் மாமா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார். எங்கள் வீட்டில் நடந்த அத்தனை கலவரத்துக்கும் இதுதான் ஆரம்பம்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வேனை விற்றுவிட்டு, மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில் பழைய வீடொன்றைப் பிடித்து, நாலு அறை தடுத்து வாடகைக்கு விடத் தயார் செய்திருந்தார். பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று. எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல காரியம் என்றால் முதலில் கூடப்பிறந்தவள் வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். கருங்குழியில் இருந்த அத்தை அப்பாவுக்கு அக்கா மட்டுமில்லை. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அப்பா அங்கே கிளம்பச் சட்டையை மாட்டியபோதுதான் மாமா வாயைத் திறந்தார்.

“இன்னா மாப்ள, இந்தக் காலத்துல போயி பஸ் ஏறி வெத்தல பாக்கு வச்சிகினு. சூப்பரா ஒரு கார்டு டிசைன் பண்ணித் தரேன், போன்லயே அனுப்புங்க. ப்ளூ டிக் வந்துச்சுன்னா வூட்டாண்ட போயி கையில குடுத்த மாதிரி.”

அனுப்பினார்கள். நீலக் குறி வந்தது. அத்தை வரவில்லை. பால் காய்ச்சிய அன்று முழுக்க அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அப்பா பண்ணிய போன் எதையும் அத்தை எடுக்கவில்லை.

மாமா அதற்குள் அடுத்த யோசனைக்குப் போய்விட்டார். “இந்தத் தொழில்ல ஸ்டார்தான் மாப்ள சோறு போடும்” என்று சொல்லி, மேப்பில் எங்கள் இடத்தை ஏற்றி, எல்லாரும் அஞ்சு ஸ்டார் போடுங்கள் என்று குடும்ப குரூப்பில் லிங்க்கைத் தட்டிவிட்டார். சொந்தக்காரர்கள் குறை வைக்கவில்லை. பால் காய்ச்சிய அன்று சாப்பிட்டதை நினைத்துக்கொண்டு, வேடந்தாங்கல் சித்தப்பா ‘பாயசம் அருமை’ என்று எழுதினார். அதை நம்பி வந்த கோயம்புத்தூர் குடும்பம் ஒன்று, பெட்டியை இறக்குவதற்கு முன்பே பாயசம் எப்போது கிடைக்கும் என்று கேட்டது. நாங்கள் சாப்பாடே போடுவதில்லை. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சேமியாவை வறுத்தார்.

புதிதாக வந்த ரிவ்யூக்களை உரக்கப் படித்துக் காட்டுவது மாமாவுக்குப் பிடித்த காரியம். வந்து தங்கியிருப்பவர்கள் காதிலும் விழட்டும் என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அறையைக் காலி செய்துவிட்டு ஆட்டோவுக்காக முன்னறையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மாமா குரலை உயர்த்திப் படிக்க ஆரம்பித்தார்.

“ஒரு ஸ்டார்தான் போடுவேன். ரூம்பு எப்படி கீதுன்னு நான் பாக்கல, என்ன யாரு கூப்ட்டாங்க பாக்கறதுக்கு. தூக்கி வளத்த அக்காவுக்கு போன்ல ஒரு படத்த அனுப்பிட்டான். அவ்ளோ பெரிய மனுசன் ஆயிட்டான் எங்க தம்பி.”

மாமாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் ஓடுகிற வண்டி உடனே நிற்காதே, வாய் படித்துக்கொண்டே போனது.

“அவனுக்கு வயித்துல புண்ணு கீது, காரம் ஆவாது. கொழம்புல மொளகா கம்மியா போடச் சொல்லுங்க. வெயில்ல நின்னா தலவலி வரும். மாத்திர போட்டுக்கிறானோ இல்லியோ. ஏய் அந்தக் கோழிய வெரட்டுடி.”

அத்தைக்குப் படிக்க வரும், எழுத வராது. பேசினால் தானே எழுதிக்கொள்ளும் என்று அவருக்கு மைக்கை அமுக்கக் கற்றுக்கொடுத்ததே மாமாதான். நிறுத்துவதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை எங்கள் முன்னறையில் நின்று கத்திவிட்டுப் போனதுபோல் இருந்தது. கையில் சாவிக்கொத்தோடு நின்ற அம்மா அப்படியே நின்றார். காத்திருந்த குடும்பத்தின் பெரியவர் அப்பாவின் வயிற்றையே பார்த்தார். அப்பா போனை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

அதன் சேதம் உடனே தெரிந்தது. பொங்கல் விடுமுறைக்கு நாலு அறையையும் சேர்த்துப் பிடித்திருந்தவர்கள் கூப்பிட்டு, ஓனர் குடும்பத்தில் சண்டையாமே, நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அம்மா அழுதுவிட்டார். விற்ற வேன் திரும்பி வராது. அறைகள் நிரம்பவில்லை என்றால் அப்பா மறுபடியும் அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான்.

“வெத்தல பாக்கு வாங்கிகினு ஒரு நட போயி அண்ணி கால்ல வுழுந்துட்டு வாங்களேன்” என்றார் அம்மா.

“இப்ப போனா ஸ்டாருக்காவ வந்தான்னு அக்கா நெனைச்சிக்கும்” என்றார் அப்பா.

 மாமாவோ, நாலு பேர் புகார் கொடுத்தால் அந்த ரிவ்யூவையே மேப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றார். அப்பா கூடாது என்றார். அப்போதுதான் அடுத்த இடி விழுந்தது. ரிவ்யூவுக்குக் கீழே எங்கள் பெயரில் ஒரு பதில் முளைத்திருந்தது. எல்லோருக்கும் போடுகிற வழக்கமான பதிலை மாமா பழக்கதோஷத்தில் அத்தைக்கும் தட்டிவிட்டிருந்தார். ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. மீண்டும் வருக.’

ஒரு ஸ்டாருக்குக் கோபப்படாத அப்பா இதற்குக் குதித்தார். “எங்க அக்காவப் பாத்து மீண்டும் வருகன்றியா? அது இன்னா வாடகைக்கா வந்துச்சு? உனக்கு அறிவு கீதா மச்சான்?”

 அப்பா என்னைக் கூப்பிட்டு அந்தப் பதிலை அழிக்கச் சொன்னார். பிறகு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். நன்றாகத் திட்டித் தீர்க்கப் போகிறார் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். திரும்பி வந்தபோது ஓனரின் பதில் என்ற இடத்தில் இவ்வளவுதான் இருந்தது: ‘அக்கா சாப்ட்டியா’.

மறுநாள் அத்தையின் ரிவ்யூ மாறியிருந்தது. ஸ்டார் அதே ஒன்றுதான். கீழே, ‘சாப்ட்டேன் கீரையும் கருவாடும் நீ மாத்திர போட்டியா’ என்று இருந்தது. அப்பா தன் பதிலைத் திருத்தி, போட்டேன் என்றார். அத்தை தன்னுடையதைத் திருத்தி, ஏரி ரொம்பிக்கிச்சு என்றார். ஊர் பார்க்கிற இடத்தில் இப்படிப் பழையதை அழித்து அழித்துப் பேசிக்கொண்டார்கள். போன் பண்ணினால் எடுக்காத அத்தை இதற்கு மட்டும் ஒருநாளும் தவறவில்லை. அறை எடுக்க நினைத்து மேப்பைத் திறந்தவர்கள், கருங்குழியில் நேற்று என்ன குழம்பு என்று தெரிந்துகொண்டு வேறு இடம் தேடிப் போனார்கள்.

இது எங்கே போய் முடியுமோ என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது மாமா ஒருநாள் இனிப்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். கடைப் பையன்களை எல்லாம் விட்டுப் புகார் கொடுக்கவைத்திருக்கிறார். தங்காதவர் போட்ட ரிவ்யூ என்று தூக்கிவிட்டார்களாம். எங்கள் பெயருக்குப் பக்கத்தில் அஞ்சு ஸ்டாரும் மஞ்சளாக மின்னின. நான் குதித்தேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

அப்பா விரலால் திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினார். “நான்தான் தூக்கிட்டேன்னு நெனைச்சிக்குமே” என்றார். எடுத்த மைசூர்பாகைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு பைக் சாவியை எடுத்தார். விடுமுறை நாளானதால் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவர் ஓட்டிய ஓட்டில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வழியில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி வெற்றிலை பாக்கு வாங்கினார்.

அத்தை வாசலில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பின்னாலேயே நாங்களும் போனோம்.

“இன்னாத்துக்கு வந்த? நான் பேசுனதத்தான் அழிச்சிட்டியே.”

“நான் அழிக்கல அக்கா. சத்தியமா.”

அப்பா தட்டு கேட்டார். அத்தை தரவில்லை. அப்பா வெற்றிலையைத் தன் துண்டின் மேலேயே விரித்து வைத்து அத்தையின் முன்னால் தள்ளினார். அத்தை அதைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எதையாவது கேட்கப் போகிறார், மன்னிப்போ என்னவோ, என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, மறுபடியும் அந்த ஒரு ஸ்டாரப் போடுக்கா” என்றார் அப்பா.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அஞ்சு ஸ்டார் முழுசாக வந்து இன்னும் ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அதற்குள் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து, கேட்டு வாங்குவது இதையா?

அத்தை திரும்பி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, பழைய ரிவ்யூ போய்விட்டதால் இப்போது எங்கே அமுக்குவது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் எங்கள் இடத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வெற்று நட்சத்திரங்கள் வரிசையாக வந்தன. குடும்பத்தில் ஒருத்திக்காவது புத்தி இருக்க வேண்டும் என்று, அத்தையின் விரலைப் பிடித்துக் கடைசி நட்சத்திரத்துக்குக் கொண்டுபோனேன்.

அத்தை என் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, முதல் நட்சத்திரத்தை ஓங்கி அமுக்கினார். போனை வாயருகே கொண்டுபோய், “கூப்ட வந்தவன் சுள்ளுன்ற வெயில்ல வந்துக்கிறான், ஒரு தொப்பியாவது போட்டானா பாரு” என்று அதனிடம் புகார் சொன்னார். இடது கை வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

எதிரே உட்கார்ந்திருந்த அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்த மனிதர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தை கொடுத்த முறுக்கைக்கூட வாங்கவில்லை. மாமல்லபுரம் வந்து சேரும்வரை அப்பாவோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோ வழி நெடுக ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஓட்டினார்.