வலது சீட்டில் அசாருதீன்

இது நடந்தது. போன வருடம் கீழக்கரையில், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுச்சாமமும் சலங்கைச் சத்தமும் மல்லிகை வாசமும் வேண்டும் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். இங்கே அதெல்லாம் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு தொப்பி, ஒரு மதியம்... அவ்வளவுதான். நுஃமானை எனக்கு நன்றாகத் தெரியும். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது சிவக்கவில்லை.

நுஃமானுக்கு விமானம் ஓட்டுகிற பைத்தியம். நிஜ விமானம் அல்ல, கம்ப்யூட்டர் சிமுலேட்டர். ஐடிஐ முடித்துவிட்டு ஊரில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய உயிர்க் கூட்டாளி ஏர்வாடி அசாருதீன், சவுதியில், தம்மாமில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் மெக்கானிக். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும், அவன் அங்கிருந்தும் இவன் இங்கிருந்தும் ஒரே சின்ன விமானத்தில் ஏறிவிடுவார்கள். இடது சீட்டில் நுஃமான், வலது சீட்டில் அசார்.

இரண்டு பேரிடமும் தலையசைவைப் பிடிக்கிற கருவி இருந்தது. தொப்பியில் மூன்று சிறிய விளக்குகள். திரைக்கு மேலே அவற்றைப் பார்க்கிற கேமரா. தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், திரையில் முழுசாகத் திரும்பிப் பார்த்த காட்சி வரும். கண் மட்டும் திரையை விட்டு நகரக் கூடாது. அப்படி வலது சீட்டைப் பார்த்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் பொம்மை விமானியின் தலை, தம்மாமில் அசார் ஆட்டுகிறபடியே ஆடும். கையெழுத்து மாதிரி, தலையசைப்பும் ஆளுக்கு ஆள் வேறு. கிளம்புவதற்கு முன் அசார் இடது இறக்கையைப் பார்ப்பான், வலது இறக்கையைப் பார்ப்பான், பிறகு நுஃமான் பக்கம் திரும்பித் தாடையைத் தூக்கி ஒரு வெட்டு வெட்டுவான். 'ம்... போலாம்' என்று அர்த்தம்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் நுஃமானுக்கே நிஜப் பயணம். அவனுடைய அண்ணன் நவ்ஷாத் காக்கா, அசார் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். தம்பிக்கு விசா எடுத்து, கையோடு கூட்டிப்போக புதன்கிழமை வந்திறங்கியிருந்தார். வாப்பா இல்லாத குறையைக் காக்கா தீர்த்துவிட்டார் என்று நுஃமான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். என்ன வேலை என்று கேட்டதற்கு மட்டும், "அங்கன வந்து பாருலே" என்றார்.

இன்னொன்றும் உறுத்தியது. திங்கட்கிழமையிலிருந்து அசாருக்கு அனுப்பிய மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கிலேயே நின்றன.

"அவன் ஃபோனு தண்ணிக்குள்ள விழுந்துருச்சு," என்றார் காக்கா. சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை.

மணி மூன்று பத்து. அடுத்த அறையில் உம்மா தூங்கிக்கொண்டிருந்தார். நுஃமான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொப்பியையும் ஹெட்போனையும் மாட்டினான். வலது சீட்டில் அசார் ஏற்கெனவே வந்திருந்தான். இடது இறக்கை, வலது இறக்கை... தாடையில் ஒரு வெட்டு.

"ஏலே, செத்தியா பொழச்சியான்னு தெரியல. மைக்க ஆன் பண்ணு."

ஹெட்போனில் ஒரு இரைச்சல் மட்டும்... க்ர்ர்ர்... இரும்புக் கயிறு உரசுகிற மாதிரி.

மைக் கெட்டுவிட்டது போல என்று நினைத்து, நுஃமான் விமானத்தைக் கிளப்பினான். தேவிபட்டினத்துக் கடல் வந்தது, பிறகு பாம்பன் வந்தது. திரும்பி ஏர்வாடிக்கு மேலே பறந்தார்கள். திரையில் ஏர்வாடி ஒரு பச்சைத் திட்டுதான். ஆனாலும் அசார் எட்டிப் பார்த்து, "உம்மா, சலாம்" என்று சொல்லாமல் இருந்ததே இல்லை. அன்று அவன் எட்டிப் பார்க்கவில்லை. நுஃமானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வாரேன்லே. ஏர்போர்ட்டுக்கு வருவேல்ல?"

தலை இடமும் வலமும் ஆடியது. இல்லை.

"சரி, ரூமுக்கே வாரேன்."

மறுபடியும் இல்லை. இன்னும் வேகமாக.

"அப்ப நான் வரவே கூடாதா?"

தலை மேலும் கீழும் ஆடியது. ஆமாம்.

நுஃமானுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஒரே சஹன் தட்டில் கூடக் கைவைத்துச் சாப்பிட்டவன். எனக்கு ஒரு நல்லது நடந்தால் இவனுக்குப் பொறுக்கவில்லையே... கண்ணில் நீர் முட்டியது. ரோஷத்தில் தொப்பியைக் கழற்றி மேஜையில் குப்புற வீசினான்.

கேமராவுக்கு விளக்குகள் தெரியவில்லை என்றால், காட்சி அப்படியே நின்றுவிட வேண்டும்.

நிற்கவில்லை.

தானாகத் திரும்பியது... மெல்ல... வலது பக்கமாக. அசாரின் முகம் நேருக்கு நேர்.

அந்தத் தலை சரிந்தது. காது தோளைத் தொட்டது. அதற்கும் கீழே போனது... மனுஷக் கழுத்து அப்படி மடங்காது.

க்ர்ர்ர்...

பிறகு நிமிர்ந்தது. இப்போது நுஃமானைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

மெல்ல நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது...

நுஃமான் திரும்பினான்.

பின்னால் காக்கா. பெட்டி கட்டத் துணி எடுக்க வந்திருந்தார். அலமாரியிலிருந்து கட்டிலுக்கு நடந்துகொண்டிருந்தார்.

திரையைப் பார்த்தான். அவர் நடக்க நடக்க, தலை திரும்பியது.

அவர் நின்றார். அதுவும் நின்றது.

"யாருலே அது?"

"அசாரு, காக்கா."

துணி கீழே விழுந்தது.

"அவன் எப்புடி... அவனத்தான் திங்கக்கிழமையே..."

வாயை மூடிக்கொண்டார்.

திரையில், அவரைப் பார்த்து, தாடையில் ஒரு வெட்டு.

காக்கா பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது.

ஹெட்போனில் இரைச்சல் நிற்கவில்லை...

நுஃமான் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் காக்காவின் சட்டையைப் பிடித்தான். வாழ்க்கையில் முதல்முறை.

"லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துட்டான்லே," என்றார் காக்கா. "கழுத்து முறிஞ்சு அங்கனயே மவுத்தாயிட்டான். ஜனாஸா ஊருக்கு வந்து சேர நாளாகும். சொன்னா நீ பயணம் வர மாட்டே."

"அசாரோட உம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"எனக்கு அங்கன என்ன வேல காக்கா?"

அவர் கீழே கிடந்த துணியைப் பார்த்தார். பதில் தேவைப்படவும் இல்லை. காலியாகக் கிடந்தது அசாரின் இடம்.

அன்று சாயங்காலமே நுஃமான் ஏர்வாடிக்குப் போய் அசாரின் உம்மா ரம்ஜான் பீவியிடம் சொன்னான். அவர் நம்பவில்லை. "நேத்துத்தானே நவ்ஷாத்து வந்தான்? அசாரு குடுத்துவிட்டான்னு பேரீச்சம்பழம் தந்துட்டுப் போனானே வாப்பா..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வாய் கூசாமல் பொய் சொல்லி, அந்த வீட்டில் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷர். நுஃமான் பயணம் போகவில்லை. காக்கா மட்டும் போனார். அதற்குப் பிறகு நுஃமான் சிமுலேட்டரையும் தொடவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு, அசாரோடு தம்மாமில் ஒரே அறையில் இருந்த தர்மராஜ் லீவில் ஊருக்கு வந்தான். நயினார்கோவில்காரன். அவன்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னான், அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் வேலைக்கு இருப்பது ஒரே ஓர் ஆள்தான் என்று.

"அசாரு வேலைய விடுறதா இருந்தானா?" என்று கேட்டான் நுஃமான்.

"அட, இல்லப்பா. இன்னும் ரெண்டு வருசம் இருப்பேன்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தான்."

விசா என்ன, ஆள் விழுந்த ஐந்து நாளில் வந்துவிடுகிற சங்கதியா? அந்த விசாவுக்காகக் காக்கா சொல்லி நுஃமான் மதுரைக்குப் போய் மெடிக்கல் எடுத்தது, அசார் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு. அப்போது அந்த ஒரே இடத்தில் அசார் இருந்தான்.

மெடிக்கல் எடுத்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை அதைச் சொன்னபோது, வலது சீட்டில் உட்கார்ந்து, "வாலே வா, ஒனக்கு எடம் போட்டு வைக்கிறேன்" என்று சிரித்தவன் அசார்தான்.