நாலு பேருக்கான ஸ்தோத்திரம்

நாகர்கோவிலில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் உதவி ஆசிரியராக இருந்தேன். பாழுங்கிணற்றில் அழுகுரல், பூட்டிய பள்ளிக்கூடத்தில் வெளிச்சம் என்று வரும் செய்திகளை வெட்டித் தள்ளுவதும் என் வேலைதான். யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்டால் பாதிச் செய்தி தானாக உதிர்ந்துவிடும். அதே கேள்விகளை இந்த விஷயத்திலும் கேட்டுப் பார்த்தேன். உதிரவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் அக்கா மெர்சியின் வீடு தக்கலைக்குப் பக்கத்தில். அவள் கணவர் ஞானதாஸ், என் அத்தான், மஸ்கட்டில் இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டியவர். திரும்பி வந்த மூன்றாம் வருஷம் கண் அழுத்த நோய் என்று தெரிந்தது. பக்கவாட்டுப் பார்வை முழுவதும் போய்விட்டது, குழாய்க்குள் பார்ப்பது போல நேராக மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அதுவும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் அழவில்லை. முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலையில் ஒரு தடவை போக வேண்டும், யானை ரோட்டைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். மணலிலேயே வயதைக் கழித்தவருக்கு அது ஒன்றுதான் ஆசை.

அவர் மகள் அபிஷா அயர்லாந்தில் நர்ஸ், மூன்று வார லீவில் வந்திருந்தாள். அதற்குள் போய் வர வேண்டும். அத்தான், அக்கா, அபிஷா, நான், வண்டி ஓட்ட என் கணவர் செல்வின் என்று ஐந்து பேர். திட்டமெல்லாம் அத்தான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. அவருக்குச் சின்ன எழுத்து தெரியாது என்பதால் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பக்கத்துக்கு நாலு ஊராக எழுதிக்கொண்டே போனார். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குவது என்று முதலில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், வெளி மாவட்ட வண்டிகளை அந்த இறக்கத்தில் விட மாட்டார்கள் என்று செல்வின் போனில் பார்த்துச் சொல்ல, கூடலூர், தொரப்பள்ளி வழியாக மாற்றினோம். தொரப்பள்ளி என்ற பெயரை எங்களில் யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. அத்தான்கூட இரண்டு முறை கேட்டுத்தான் எழுதினார்.

மறுநாள் காலை ஆலயத்தில் அறிவிப்பு நேரம். எங்கள் சபையில் பேறுகாலம், புதுவீட்டுப் பால்காய்ப்பு, பரீட்சை, ஆபத்திலிருந்து தப்பியது எதுவானாலும் கர்த்தருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரமாகத் துண்டுச்சீட்டில் எழுதி வாசல் பெட்டியில் போடுவார்கள், சபைச் செயலாளர் அதை வாசிப்பார். செயலாளர் எட்வின் சார் ஏழெட்டுச் சீட்டுகளை வாசித்துவிட்டு அடுத்ததையும் அதே குரலில் வாசித்தார். தொரப்பள்ளிப் பாதையில் நடந்த வாகன விபத்தில் நாலு பேரைக் கர்த்தர் காத்தருளியதற்காக ஞானதாஸ் குடும்பத்தார் ஸ்தோத்திரம்.

சபை முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சுற்றிக்கொண்டார்கள். எப்போது நடந்தது, யாருக்கு அடி, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆளுக்கொரு விசாரணை. பின்வரிசையில் உட்காரும் ஒரு பெரியவர் அத்தானின் தோளைத் தடவி, "வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டும் இல்லியா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் அக்காமேல்தான் சந்தேகம். கேட்டது கிடைக்கும் முன்பே நன்றி சொல்லிவிடுவது அவள் விசுவாசம். அபிஷாவுக்கு விசா வந்துவிட்டதாக அவள் முன்கூட்டியே எழுதிப்போட்டு, சபையெல்லாம் வாழ்த்தி, விசா வர ஐந்து மாதம் ஆயிற்று. அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"ஏட்டி, நான் எழுதினா விபத்துன்னா எழுதுவேன்? பயணம் நல்லா முடிஞ்சுதுன்னுல்லா எழுதுவேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலு பேருன்னு எழுதுவேனா?" என்றாள்.

அதுவரை எனக்கு அந்த எண் உறைக்கவில்லை. எண்களைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவள் நான்.

எட்வின் சாரிடம் போய்ச் சீட்டைக் கேட்டேன். அக்கா எழுதியது ஜெப விண்ணப்பங்களோடு தனியாக இருந்தது: ஐந்து பேரின் பயணத்துக்காக ஜெபிக்கவும், ஊர்ப் பெயர் கிடையாது. மற்றது ஸ்தோத்திரக் கட்டில் இருந்தது. சபை அச்சடித்த அதே சீட்டு, நீல மை, அவசரமில்லாத கையெழுத்து, ஒரு பிழைகூட இல்லை. காலை எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தபோதே இருந்தது, யார் போட்டது என்று தெரியாது என்றார். அவர் கலங்கிப்போயிருந்தார். "டீச்சராட்டு முப்பது வருஷம் பேப்பர் திருத்தினவனாக்கும் நான். இந்தச் சபையில எனக்குத் தெரியாத கையெழுத்து கிடையாது. இது தெரியல்ல" என்றார். சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மற்றவர்களை எல்லாம் தொரப்பள்ளி என்று எழுதச் சொன்னேன், நானும் எழுதினேன். "இந்த வயசுல பரீட்சை வைக்கியா மக்கா?" என்று அத்தான் சிரிக்கப் பார்த்தார். எந்த எழுத்தும் ஒத்துப்போகவில்லை. வழி மாறியதைச் சனிக்கிழமை ராத்திரி யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். ஒருவரும் சொல்லவில்லை. யாரோ பொய் சொல்லியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும்.

மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினோம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. செல்வின் இதெல்லாம் எவனோ செய்த விளையாட்டு, போவோம் என்றார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அத்தான்தான் கடைசியில் ஒரு கணக்குச் சொன்னார்.

"அதுல நாலு பேரு தப்பிச்சாச்சுன்னுதானே இருக்கு. அப்ப நாலு பேரு மட்டும் போவோம். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

வீட்டில் நான் இருந்துகொள்கிறேன் என்று அபிஷா சொன்னாள், அக்கா தான் இருப்பதாகச் சொன்னாள். இரண்டு பேரும் சண்டை போடுவது போல மாறி மாறிச் சொன்னார்கள். எல்லாரையும் அமைதிப்படுத்தி, பயணமே வேண்டாம் என்று சொன்னது நான். நாலு பேர் போனாலும் விபத்து நடக்கும் என்றுதானே அந்தச் சீட்டு சொல்கிறது என்று விளக்கமும் சொன்னேன். இப்படிப்பட்டதை ஒருநாளும் நம்பாத நான். அத்தான் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் தடவி எடுத்து மாட்டி, நோட்டின் மேல் வைத்தார். "உனக்கு அப்பிடித் தோணுனா சரி" என்றார்.

அபிஷா லீவு முடிந்து போனாள். ஏழு மாதத்தில் அத்தானுக்கு மிச்சமிருந்த பார்வையும் போயிற்று. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். ஒருநாள் அக்கா அடுக்களையில் இருந்தாள், நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். ரப்பர் விலை, சபைக் கமிட்டித் தகராறு என்று பேசிக்கொண்டிருந்தவர், அதே ஓட்டத்தில் சொன்னார்:

"செக்போஸ்ட் கழிஞ்சு வலது கைப்பக்கமாக்கும் அந்தக் கொம்பன் யானை நின்னது. ஒரு கொம்பு பாதி ஒடிஞ்சது. மழ நனைஞ்சு கரேல்னு நின்னுது, கேட்டியா."

அபிஷா அயர்லாந்திலிருந்து போனில் காட்டுக் காணொளிகளைப் போட்டுக் கேட்கச் செய்வாள் என்பது தெரியும், அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. எதிரே வந்த லாரியில் பச்சைத் தார்ப்பாய், அதன் ஒரு முனை அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது, செல்வின் வண்டியை இடது பக்கம் ஒடித்தது, மூங்கில் முறிந்த வாசம். சாட்சி சொல்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். இட்டுக்கட்டுகிறவர்கள் பெரிய விஷயத்தைத்தான் சொல்வார்கள், அவிழ்ந்த தார்ப்பாய் முனையைச் சொல்ல மாட்டார்கள்.

"பொறவு நாங்க நாலு பேரும் எறங்கி ரோட்டோரம் மழையில நின்னோம்" என்றார்.

அவருக்குப் புத்தி தடுமாறவில்லை. அன்றைக்கு என்ன தேதி என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார். பழைய பழக்கத்தில் நான் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"யாரு யாரு அத்தான், அந்த நாலு பேரு?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். கை மேசைமேல் ஊர்ந்து வந்து என் இடது மணிக்கட்டைப் பிடித்தது. கட்டைவிரல் நாடி ஓடும் இடத்தைத் தேடி அழுந்தியது.

"அத விடு மக்கா" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற எல்லாரையும் காலடிச் சத்தத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் போனால் மட்டும் பெயரைச் சொல்லாமல் கையை நீட்டுவார். மணிக்கட்டைப் பிடித்து, நாடி தட்டுப்படும்வரை விரலை அழுத்திக்கொண்டிருப்பார். அப்புறம்தான் "வா மக்கா, இரி" என்பார். கண் போன மனுசன், தொட்டுப் பார்க்கிறார், அதற்கென்ன என்கிறாள் அக்கா. நானும் அவளிடம் ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.

போன ஞாயிறு வழக்கத்தைவிட வெகுநேரம் பிடித்திருந்தார். விரலை ஒருமுறை எடுத்து, இடம் மாற்றி மறுபடியும் வைத்தார். என்ன அத்தான் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ பேசிட்டே இரி" என்றார்.