வெல்டா துடைத்த இருக்கை

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு வந்தவுடன் வெல்டா ஹெர்கர்ட் உட்கார்ந்துவிட மாட்டார். கோட்டுப் பையிலிருந்து பாத்திரம் துடைக்கும் பழைய துணி ஒன்றை எடுத்து உதறுவார். எங்கள் பகுதியில் முதுகு சாயும் நாற்காலிகள் கிடையாது. நீளமான அலுமினியப் பெஞ்சுகள், அவற்றில் இடத்துக்கு ஒரு எண். வெல்டா முதலில் துடைப்பது பக்கத்து இடத்தைத்தான். ஈரம், பறவை எச்சம், போன வாரம் யாரோ சிந்திய கோக், எல்லாம் போகும்வரை துடைப்பார். எண் பதித்த குழிக்குள் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து. பிறகு துணியைத் திருப்பி, தன் இடத்தை ஒரே இழுப்பில் முடித்துவிடுவார். ஈரப்பக்கம் உள்ளே போகும்படி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். கடைசியாக, குளிர் ஏறாமலிருக்க ஒரு அட்டைத் துண்டைப் பக்கத்து இடத்தில் போடுவார். தனக்கு அட்டை போட்டு நான் பார்த்ததில்லை. அட்டையின் மேல் ஒரு பொட்டலம் வேர்க்கடலை.

நான் அவருக்குப் பின்வரிசை. என் முழங்காலுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஒரு கை நுழையும், அவ்வளவுதான். பேசுவது எனக்கு வராது என்பதால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாண்டு வாத்தியக்காரர்கள் களத்தில் இறங்கும் நேரத்துக்கு மெர்ல் ஹெர்கர்ட் படியேறி வருவார். அட்டையைப் பார்ப்பார்.

"யாரு தொடச்சது?"

"மழை தொடச்சுது. உக்காரு, பின்னாடி மறைக்குது."

"மழை கடலையும் வாங்கிட்டு வந்துச்சா?"

"மழைக்கு உன்ன மாதிரி கஞ்சத்தனம் கிடையாது."

புதிதாக அந்த வரிசைக்கு வருகிறவர்கள் இவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே நினைப்பார்கள். உண்மையில் விவாகரத்தாகி வெகு காலம் ஆகியிருந்தது. மெர்ல் வீட்டில் சொல்லாமல் ஒரு படகு வாங்கினார் என்பார்கள். எங்கள் கான்சாஸில், எங்கள் ஊர் ஹாலோவேயைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கோதுமைதான், படகு விடத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் ஒரு படகுக்காக மட்டும் யாரும் பிரிய மாட்டார்கள். மிச்சம் என்னவென்று யாரும் கேட்கவில்லை.

வீடு வெல்டாவுக்குப் போனது. வண்டியும் நாயும் படகும் மெர்லுக்கு. இந்த இரண்டு இருக்கைகளை மட்டும் விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. நீதிபதியும் மேற்கு ஸ்டாண்டில் சீசன் டிக்கெட் வைத்திருந்தவர். ஆளுக்கொன்று, பக்கத்துப் பக்கத்தில், மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார். டிக்கெட் கணக்கு மெர்ல் பெயரில். எனவே ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவர் நாற்பது மைல் வண்டி ஓட்டி வந்து, வெல்டாவின் தபால்பெட்டியில் அவர் பங்கை உறையில் போட்டுவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிப் போய்விடுவார். இலையுதிர் காலத்தில் உள்ளூர் ஆட்டம் நடக்கும் ஆறு சனிக்கிழமைகள் சேர்ந்து உட்காருவார்கள். குளிர் கூடினால் நாலு முழங்காலுக்கும் ஒரே போர்வை. மற்ற நாட்களில் போன்கூடக் கிடையாது. கடைசி ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது மெர்ல், "செப்டம்பர்" என்பார். வெல்டாவும் "செப்டம்பர்" என்பார். விடைபெறுவது அவ்வளவுதான்.

வெல்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் அவர் கையால் பீன்ஸும் கறியும் போட்ட சில்லியும், கூடவே இலவங்கப்பட்டை ரோலும் வாங்கித் தின்றவர்கள். நானும்தான். அதனால் எனக்கு அவர் இன்றுவரை மிஸஸ் ஹெர்கர்ட். அவருக்கு நான் கண்ணு. "கண்ணு, தொப்பி போடு. காது செவந்துபோச்சு பாரு" என்று திரும்பாமலே சொல்வார். எப்படித் தெரியுமோ.

பிறகு கூட்டம் குறைய ஆரம்பித்தது. ஆட்டம் காலை பதினொன்றுக்கா ராத்திரி எட்டுக்கா என்பதை டிவிக்காரர்கள் முடிவு செய்தார்கள். பயிர் அறுக்கிறவர்களால் அதற்கேற்ப நாளை மாற்றிக்கொள்ள முடியவில்லை. நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தலையெடுத்தால் அடுத்த வருடம் பெரிய பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போனது. மாணவர்கள் இடைவேளையிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் வரிசையிலேயே ஆள் விட்டு ஆள் உட்கார முடிந்தது. ஆனாலும் மூன்றாவது கால்பகுதி தொடங்கும் முன்னால் ஒலிபெருக்கி, இன்றைய வருகை இருபத்தோராயிரத்துச் சொச்சம் என்று அறிவிக்கும்.

தீவனக் கடை டுவைட் எழுந்து நின்று சுற்றிப் பார்ப்பார். "இருபத்தோராயிரமா! மிச்சப் பேரெல்லாம் கக்கூஸ்ல வரிசையில நிக்கிறாங்களா?"

"உன் தொப்பைய ரெண்டு தடவ எண்ணியிருப்பான்" என்பார் வெல்டா.

அந்த நவம்பரில், கடைசி ஆட்டத்தின் இடைவேளையில், பெரிய திரையில் ஒரு படம் ஓடியது. அடுத்த வருடம் எங்கள் பெஞ்சுகளை எடுத்துவிட்டு, முதுகு சாயும் நாற்காலிகள் வருகின்றனவாம். அங்கே உட்கார டிக்கெட் விலை தனி. அதை வாங்கும் உரிமைக்காக, ஒரு இருக்கைக்கு அறுநூறு டாலர் நன்கொடை. திரையில் ஒரு பெண் புது நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள்.

"ஆள் வரலன்னா வெலய கொறைக்கணும்" என்றார் டுவைட். "தீவனம் விக்கலன்னா நான் மூட்டை வெலய ரெண்டு மடங்கு ஆக்கவா செய்யறேன்?"

"போனவன்கிட்ட வாங்க முடியாதுல்ல. இருக்கறவன்கிட்டதான் வாங்க முடியும்" என்றார் மெர்ல். சிமெண்ட் கலவை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கடலையை உரிக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷம் முதுகு இல்லாமதான் உக்காந்தேன். இப்ப எனக்கு முதுகுக்கு வாடகை கேக்கறான்."

"உனக்கு முதுகெலும்பே கெடையாதே" என்றார் வெல்டா.

மெர்ல் சிரித்தார். வெல்டா சிரிக்கவில்லை. அவர் போர்வையின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். எடுப்போமா, விடுவோமா என்று இருவரில் ஒருவர் கேட்டிருக்கலாம். நான் முன்னால் சாய்ந்துகூட உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கிவிட்டது. தோற்றோம். படியில் மெர்ல், "செப்டம்பர்" என்றார்.

"செப்டம்பர்" என்றார் வெல்டா.

ஆகஸ்டில் உறை வரவில்லை.

நான் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வெல்டா துப்பறியும் கதைகளைத் திருப்பித் தர வருவார். அன்று புத்தகங்களை மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"கண்ணு, நீ எடுத்தியா டிக்கெட்டு?"

"இல்ல மிஸஸ் ஹெர்கர்ட். அந்தப் பணத்துக்கு என்னால முடியல. இப்ப டிக்கெட்டெல்லாம் போன்லதான் வருதாம். காகிதம் கெடையாது."

"மெர்ல்கிட்ட ஏது அந்த மாதிரி போனு? எங்கிட்டயும் கெடையாது. எடுத்திருந்தான்னா வண்டிய எடுத்துக்கிட்டு வந்து சொல்லியிருப்பான்."

"ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன்."

"இத்தன வருஷமா பண்ணதில்ல. ஒரு சீட்டுக்காகப் பண்ணணுமா? அவனுக்கு வேணும்னா அவன் பண்ணட்டும்."

வாசல்வரை போய்த் திரும்பினார். "வீட்ட விட்டான். என்ன விட்டான். அத மட்டும் விடமாட்டான்னு நெனச்சேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. புதுப் புத்தகம் எடுக்காமல் போய்விட்டார்.

செப்டம்பர் வந்தது. ஆட்ட நாட்களில் எங்கள் தெருவரைக்கும் பாண்டு சத்தம் கேட்கும். ஒரு சனிக்கிழமை காலையில் வெல்டா நூலக வாசலில் இருக்கும் மரப்பெஞ்சில் யாருக்கோ காத்திருந்தார். முந்தின இரவு மழை. கோட்டுப் பையிலிருந்து துணியை எடுத்து, பக்கத்து இடத்தைத் துடைத்தார். கட்டைவிரலை ஓரிடத்தில் வைத்து அழுத்தினார். அங்கே எண் எதுவும் இல்லை. சட்டென்று கையை எடுத்து, துணியை மடிக்காமலே பையில் திணித்துக்கொண்டார். நான் உள்ளேயிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியே போயிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஜனவரியில் மெர்ல் இறந்தார். வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் சாப்பாடு: பன்றிக்கறி வைத்த பன், சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, ஜெல்லி. வெல்டா எந்த வரிசையிலும் சேராமல், காப்பிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய ஒரே மகள் ஜோலீன் டென்வரிலிருந்து வந்திருந்தாள். கையில் அப்பாவின் போன். புதுசு. போன கோடையில் டிக்கெட்டுக்காகவே வாங்கினாராம்.

"அம்மா, நீ ஏன் ஒரு ஆட்டத்துக்குக்கூடப் போகல?"

"டிக்கெட் இருந்தாத்தானே போறதுக்கு?"

ஜோலீன் போனைத் திருப்பிக் காட்டினாள். "ரெண்டு சீட்டு எடுத்திருக்கார்ம்மா. பழைய எடம் கட்டுப்படியாகல, அதான் வடக்கு மூலையில மேல. அங்க நன்கொடை கெடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உனக்கு ஒண்ணு மெசேஜ்ல அனுப்பியிருக்கார். ஆறு தடவ. எதையும் நீ ஏத்துக்கலன்னு காட்டுது."

"எங்க அனுப்பினான்? எங்கிட்ட போனே இல்லயே."

ஜோலீன் எண்ணைப் படித்தாள். பாதியிலேயே வெல்டா மீதி எண்களைத் தானே சொன்னார். அது வீட்டு எண். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும், சுருள் கம்பி தொங்கும் பழைய போன். மெர்லுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண். அந்தப் போனுக்கு மணியடிக்க மட்டும்தான் தெரியும்.

"உங்கம்மாவுக்கு மூலை பிடிக்கல போல, அப்படின்னார்" என்றாள் ஜோலீன். "நான் கேக்கட்டுமான்னேன். வேணாம், அவ சாமானியத்துல இறங்கி வரமாட்டான்னார். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் சேதி தூக்கக் கூடாதுன்னு நீதானேம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கின."

வெல்டா கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் காப்பிப் பாத்திரத்தின் குழாயை மூடினேன்.

"வடக்கு மூலையா?" என்றார்.

"ஆமாம்மா."

"அங்க சாயங்கால வெயில் நேரா மூஞ்சியில அடிக்குமே. அவனுக்குப் பந்து தெரிஞ்சிருக்காது. நான்தானே யாருகிட்ட பந்து இருக்குன்னு சொல்லிக்கிட்டு வருவேன்." கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, "அந்தப் போனுக்கு நேர் கீழதான் நின்னேன், ஆறு சனிக்கெழமையும். ரேடியோவ வச்சுக்கிட்டு" என்றார்.

டுவைட் வந்து கோப்பையை நீட்டினார். வெல்டா ஊற்றிக் கொடுத்தார். பையிலிருந்து துணியை எடுத்து, மேஜையில் சிந்தியிருந்ததைத் துடைத்தார். மேஜை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். ஜோலீன் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வசந்தத்தில், டிக்கெட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன் ஒருவன் நூலகத்துக்கு வந்தான். அந்த இருபத்தோராயிரத்தை எப்படித்தான் எண்ணுகிறீர்கள் என்று சும்மா கேட்டேன்.

"எங்கடா எண்றோம்?" என்றான். "வித்த டிக்கெட்டெல்லாம் சேத்துச் சொல்லிடுவோம். ஆள் வந்தா என்ன, வராட்டா என்ன."

அந்த ஆறு சனிக்கிழமைகளும் ரேடியோ வெல்டாவின் சமையலறையில் அந்த வருகைக் கணக்கைப் படித்தது. ஆறு முறையும் அதில் வெல்டாவும் சேர்த்தி.