மிலான் ஸ்டேடியத்துக்கு மூன்றாம் மாடி

போன சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்கப் போனேன். வாங்கி வந்தது ஒரு ஃபுட்பால் ஸ்டேடியத்தின் முழு வரலாறு!

பாரிஸில் லா ஷப்பல் பக்கம் இப்போது நம்மவர் கடைகள் நாலைந்து வந்துவிட்டன அல்லவா... சனிக்கிழமை ஆனால் நான் குடியிருக்கும் சென் தெனியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காய்கறி ஒரு சாக்குதான். உண்மையில் போவது பேசுவதற்கு. வாரம் முழுக்க ஆபீஸில் பிரெஞ்சில் கடிதம் எழுதியே நாக்கு மரத்துப்போகிறது. (புதுச்சேரிக்காரன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். நான் சொல்வேன்.)

அன்றைக்குக் கடை வரை போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு சின்ன இத்தாலிய ரெஸ்டாரண்ட். வாசலில், மாவு படிந்த ஏப்ரனோடு யேசுதாசன் அண்ணை நின்றுகொண்டிருந்தார்.

யேசுதாசன் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மூன்று வருடமாக அந்த ரெஸ்டாரண்டின் குசினியில் வேலை. வெங்காயம் நறுக்குவதில் ஆரம்பித்து, இப்போது பீட்ஸாவுக்கு மாவு தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பைக் காணோம்.

"தம்பி, உள்ளுக்கை வாங்கோ. முதலாளி கடிதம் தரமாட்டன் எண்டு நிக்கிறார். உங்கட பிரெஞ்சாலை ஒருக்கா கதைச்சுப் பாருங்கோ."

அது என்ன கடிதம் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவருடைய குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். 'இவர் என்னிடம்தான் வேலை செய்கிறார், இனியும் செய்வார்' என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாவிட்டால் அட்டை கொடுக்கிற கவுண்டரில் அண்ணை நிற்பதே வீண்.

"என்ன செஞ்சீங்க அண்ணே?"

"நல்லதுதான் தம்பி செய்தனான்!"

நல்லது செய்தேன் என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் பயப்படுவேன்.

விஷயம் இதுதான். முதலாளி அல்தோவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மிலான்காரர். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பெரிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மாட்டி வைத்திருக்கிறார். மனைவி படமா? இல்லை. மாதா படமா? அதுவும் இல்லை. மிலானில் சான் சீரோ என்கிற இடத்தில் இருக்கும் ஸ்டேடியத்தின் படம். தினமும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் துடைப்பாராம்.

இதை மூன்று வருடமாகப் பார்த்துவந்த நம் யேசுதாசன் என்ன நினைத்திருக்கிறார்? கடிதம் கேட்கிற நேரம், மனிதரைக் கொஞ்சம் சந்தோஷப்படுத்துவோம். சனிக்கிழமை காலை சீக்கிரமாகவே வந்து, படத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மல்லிகை மாலை போட்டு, கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பையும் எரியவிட்டிருக்கிறார். தன் வீட்டில் மாதா படத்துக்குச் செய்வதைப் போல.

பதினொன்றரைக்கு ஒரு கிழவர் சாப்பிட வந்தார். அவரும் இத்தாலியர்தான். படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். சிலுவை போட்டுக்கொண்டார். அல்தோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போது நடந்தது?" என்று கேட்டார்...

அவ்வளவுதான். மாலை குப்பைத்தொட்டிக்குப் போனது. கடிதமும் போய்விட்டது.

நான் உள்ளே போனபோது அல்தோ ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் இத்தாலிய நாளிதழ் ஒன்று, பக்கத்தில் எழுதப்படாத ஒரு வெள்ளைத்தாள். என் பிரெஞ்சு ஆபீஸ் பிரெஞ்சு. எதற்கும் முதலில் ஒரு மரியாதை வாக்கியம் வைத்துத்தான் பழக்கம். "தங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன், ஐயா" என்று ஆரம்பித்தேன்.

"நீயுமா!" என்று கத்தினார் அல்தோ.

யேசுதாசன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் பாருங்கள், கத்தியதில் ஒரு லாபம். கத்துகிறவர் பேச ஆரம்பித்துவிடுவார். அல்தோ பேசினார். கையிலிருந்த மரக்கரண்டியை ஆட்டிக்கொண்டே பேசினார்.

அந்த ஸ்டேடியம் கட்டப்பட்டது இருபதுகளிலாம். முதலில் நாலு பக்கமும் நாலு பார்வையாளர் மேடைகள் தனித்தனியாக நின்றன. மூலைகள் திறந்து கிடந்தன. பிறகு மூலைகளை வளைத்து மூடினார்கள். ஐம்பதுகளில், இருந்ததைச் சுற்றி மேலே இரண்டாவது அடுக்கு எழுப்பினார்கள். ஜனங்கள் ஏறிப்போக வெளிச்சுவரைச் சுற்றிச் சுற்றிச் சாய்வுப் பாதைகள். படத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது அதுதான்.

"அந்தப் பாதைக்குக் கான்கிரீட் சுமந்தவன் நான்" என்றார் அல்தோ. "இருபது வயது. என் தோளில்." தோளைத் தட்டிக் காட்டினார். "அது முடிந்த கையோடு வேலை தேடி பாரிஸ் வந்துவிட்டேன். நான் கட்டியதில் இன்றைக்கும் நிற்பது அது ஒன்றுதான். அதையும் இப்போது கொல்கிறார்கள்!"

நாளிதழைத் தூக்கிப் போட்டார். அடுத்த வருடம், 1990இல், இத்தாலியில் உலகக் கோப்பை நடக்கிறதே, அதற்காக ஸ்டேடியத்துக்கு மூன்றாவது அடுக்கு வருகிறது. சுற்றிலும் உருண்டை உருண்டையாகப் பெரிய கோபுரங்கள், மொத்தம் பதினொன்று. அதற்கு மேல் சிவப்பு இரும்பு உத்தரங்கள், கூரை. வேலை நடக்க நடக்கக் கீழே மேட்சும் நடக்கிறதாம்.

"கூரை போட்டால் புல்லுக்கு வெயில் எங்கிருந்து வரும்? என் ஸ்டேடியத்தைச் சிறையில் வைத்துவிட்டார்கள். செத்துப்போய்விட்டது!"

"அதைத்தானே அவரும்..." என்று வாயெடுத்தேன்.

"நான் சொல்வேன். அவன் சொல்லக்கூடாது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? தம்பியை உருப்படாதவன் என்று நாம் வாய் ஓயாமல் திட்டுவோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை 'ஆமாம்' என்று சொல்லட்டும், பார்க்கலாம்!

இவ்வளவையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல, யேசுதாசன் நாளிதழ்ப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

"தம்பி, மூண்டு பக்கம் மூண்டாம் மாடி இருக்கு. இந்தப் பக்கம் ஏன் இல்லை எண்டு கேளுங்கோ."

கேட்டேன். அந்தப் பக்கம் குதிரைப் பந்தய மைதானம், அதை ஒட்டி எழுப்ப முடியவில்லை என்றார் அல்தோ.

"ஓ... வேலிப் பிரச்சினை!" அண்ணையின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம். "அதை முதலே சொல்லியிருக்கலாமே. எங்கட ஊரிலை அரை அடி வேலிக்கு வழக்குப் பேசியே அப்புக்காத்துமார் மாடி வீடு கட்டினவை!"

வக்கீல்களைப் பற்றிய இந்தச் செய்தியை மொழிபெயர்த்தேன். அல்தோவின் மீசை லேசாக அசைந்தது. இத்தாலியிலும் வக்கீல்கள் இருக்கிறார்கள் போல.

"இன்னொண்டும் கேளுங்கோ. இந்தத் தூணெல்லாம் பழைய சுவருக்கு மேலையோ நிக்குது?"

"மேலேதான்! பின்னே எங்கே? என் முதுகில் ஏறி நிற்கிறது!" என்றார் அல்தோ.

"இல்லை" என்றார் யேசுதாசன். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

விறுவிறுவென்று குசினிக்குள் போனார். ஒரு பெரிய பாஸ்தா கிண்ணத்தைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தார். அதைச் சுற்றி, அதில் படாமல், உயரமான கண்ணாடி டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார். எண்ணிப் பதினொன்று. எண்ணெய் டின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கத்தரிக்கோலால் வட்டமாக வளையம் வெட்டினார். உப்புக் குப்பியை ஒரு பக்கம் வைத்து "குதிரை" என்றார். அந்தப் பக்கத்து அட்டையை நறுக்கி எடுத்தார். மிச்ச வளையத்தை டம்ளர்களின் மேல் வைத்தார்.

வைத்த கை நிதானமான கை. மாவு தட்டும்போது நான் பார்க்காத நிதானம்.

"நீங்க இதெல்லாம் எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

"நான் மேசன் தம்பி. பதினெட்டு வரியம் மேசன். இஞ்சை ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் இவரோடு பேசுகிறேன். ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லையே!

அல்தோவிடம் சொன்னேன். அவர் யேசுதாசனை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வருடம் ஒரே குசினியில் நின்ற ஆளை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி.

யேசுதாசன் அந்த வெள்ளைத்தாளை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்து, கிண்ணத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விடச் சொல்லிச் சைகை காட்டினார். அல்தோ விட்டார். தாள் எங்கும் முட்டாமல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார். மறுபடியும் போனது.

"சொல்லுங்கோ தம்பி. புது மாடியின்ர பாரம் முழுக்க வெளித் தூணிலைதான். பழைய கட்டிடத்திலை ஒரு றாத்தல்கூட இல்லை. படத்திலை பாருங்கோ, நடுவாலை வெளிச்சம் தெரியுது. இவர் கட்டினது உள்ளுக்கை அப்படியே நிக்குது. ஒருத்தரும் கை வைக்கேல்லை."

நான் சொன்னேன். அல்தோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாளிதழை இழுத்தார். இந்த முறை படத்தை அல்ல, செய்தியை. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். நாலாவது பத்தியில் அதையேதான் எழுதியிருந்தார்களாம்! மனிதர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கோபப்பட்டு மடித்து வைத்துவிட்டிருக்கிறார். (நம்மில் எத்தனை பேர் செய்தியைப் படித்துவிட்டுக் கோபப்படுகிறோம், சொல்லுங்கள்?)

"நிற்கிறது..." என்றார் அல்தோ. மூக்கை உறிஞ்சினார். வெங்காயம் அங்கே இல்லை என்பதற்கு நான் சாட்சி.

பிறகு பேனா எடுத்தார். அந்தத் தாளிலேயே எழுதினார். 'குசினி உதவியாள்' என்று இதுவரை எழுதிவந்த இடத்தில் 'சமையற்காரர்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். ரப்பர் முத்திரையை இரண்டு தடவை குத்தினார். ஒன்று போதும் என்றேன். கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அட்டை கிடைத்துவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவலையோடு பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.

யேசுதாசன் என்னை மெத்ரோ வாசல் வரை கொண்டுவந்து விட்டார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏண்ணே, கடுதாசிதான வேணும்? மன்னிப்பு கேட்டுட்டு வாங்கியிருக்கலாமே. அந்தாளு ஸ்டேடியத்து மேல உங்களுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?" என்றேன்.

"கடிதத்துக்காகத்தான் தம்பி தொடங்கினனான்" என்றார். "பிறகு அந்த மனிசன்ர முகத்தைப் பாத்தன்."

சட்டைப்பையை மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஊரிலை நான் என்ர கையாலை கட்டின வீடு இந்தச் சண்டைக்குள்ளை நிக்குதோ, விழுந்திட்டுதோ... எனக்குச் சொல்ல அங்கை ஒருத்தரும் இல்லை. அவருக்குச் சொல்ல இஞ்சை நான் இருந்தன் தானே?"

வாரா வாரம் பத்திரிகையில் ஒரு பக்கம் நிரப்புகிறவன் நான். இந்த வாரம் அதை அண்ணையின் கேள்வியோடே முடிக்கிறேன்.