மாம்பழச் சாற்றுக்கு வசனம் இல்லை

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் கோயிலைப் பெருக்கி, மணியடித்து, விளக்குத் துடைத்து வந்தவர் தேவவரம். யாரும் கொடுக்காத இன்னொரு வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். கோயிலுக்குள் புதிதாக எது வந்தாலும் வாசலில் மறித்து நின்று, "இதுக்கு வேதத்துல வசனம் எங்க கீது?" என்று கேட்பார். பெஞ்சுகள் வந்தபோது கேட்டார். சுவர்க் கடிகாரம் வந்தபோதும் கேட்டார். கடிகாரத்துக்கு வசனம் கிடைக்காததால் நான்கு வருஷம் அதற்குச் சாவி கொடுக்கவில்லை.

ஆந்திர ராஜ்யம் பிறந்த மறு வருஷம், பெந்தெகொஸ்தே திருநாள் ஞாயிற்றில், அப்பமும் திராட்சரசமும் எல்லாருக்கும் கொடுக்கும் நற்கருணை என்று அறிவித்தார்கள். அப்பம் தயார். ரசத்துக்குத் திராட்சை இல்லை. முகூர்த்த மாதம், சித்தூர்க் கடைகளில் இருந்த உலர்ந்த திராட்சையெல்லாம் பாயசத்தில் போய்விட்டிருந்தது. புதிதாக வந்த போதகர் சாந்தகுமார் காலத்தோடு போகிறவர்.

"நம்ம ஜில்லாவே மாம்பழ ஜில்லா. சாறு பிழிஞ்சா போச்சு. ஆண்டவர் மனசைத்தானே பாக்கறார்?"

"'நானே திராட்சச்செடி'ன்னவரு, 'நானே மாமரம்'னு எந்த அதிகாரத்துல சொன்னாரு, ஐயா?"

போதகர் ஒரு கெடு வைத்தார். "சரி. ஞாயித்துக்கிழமை பத்தரைக்குள்ள திராட்சரசம் வந்தா அது. வரலைன்னா மாம்பழம்."

மாம்பழச் சாறு ஒருமுறை நற்கருணை மேஜையில் ஏறிவிட்டால் அடுத்த மாசம் மோர் ஏறும். தேவவரத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. சனிக்கிழமையே எல்லை தாண்டி, சென்னை ராஜ்யத்து வேலூருக்குப் போனார். அக்காள் ஞானம்மாள் வீட்டில் திராட்சையை ஊறவைத்து, கொதிக்கவைத்து, பிழிந்து, தன் வெள்ளை வேட்டியிலேயே வடிகட்டி ஒரு தூக்குவாளியை நிரப்பினார். மறுநாள் காலை பஸ்ஸில், கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

எல்லையில் பஸ் நின்றது. போன வருஷம்வரை அங்கே ஒரு புளியமரம்தான் இருந்தது. இப்போது புளியமரத்தோடு ஒரு மூங்கில் தடுப்பும், மதுவிலக்குச் சோதனையும், தாமோதரன் என்ற கான்ஸ்டேபிளும் இருந்தார்கள். அவர் வாளியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஏமய்யா, இன்னா இது?"

"திராட்சரசம் சார். கோயிலுக்கு."

"காலங்காத்தால சரக்கு எடுத்துக்கினு கோயிலுக்கா?"

தேவவரத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதே பெந்தெகொஸ்தே அன்னிக்கு அப்போஸ்தலருங்களையும் இப்படித்தான் குடிகாரனுங்கன்னாங்க சார். பேதுரு இன்னா சொன்னாரு? காலைல ஒம்பது மணிக்கு எவன் குடிப்பான்னாரு. இப்ப மணி இன்னா?"

"எட்டே முக்கால்."

"பாத்தீங்களா!"

"உங்க பேதுரு இந்தப் பக்கம் டூட்டி பாத்ததில்ல. இங்க ஆறு மணிக்கே ஆரம்பிச்சுடறானுங்க."

"அப்ப நீங்களே ஒரு வாய் குடிச்சிப் பாருங்க."

கான்ஸ்டேபிள் இரண்டடி பின்வாங்கினார். "நா காணிப்பாக்கத்துல சாமி முன்னால சத்தியம் பண்ணிக் குடிய விட்டவன். இது நெசமாவே சரக்கா இருந்தா என் கதி?"

அதற்குத் தேவவரமே ஒரு வழி சொன்னார். "ரெண்டு மூணு சாட்சி இருந்தா எந்தக் காரியமும் நெலைக்கும்னு வேதமே சொல்லுது சார். பஸ்ஸுலருந்து ரெண்டு பேரைக் கூப்புடுங்க."

அந்த வாயைப் பிற்பாடு அவர் எத்தனையோ முறை நொந்துகொண்டார்.

முதல் சாட்சி, புத்தூர் வியாபாரி ஏகாம்பரம். ஒரு தம்ளர் குடித்துவிட்டு, "வெறும் சர்க்கரைத் தண்ணி" என்றார். இரண்டாம் சாட்சி இன்னொரு தம்ளர் குடித்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, "லேசா ஏறுது" என்றார். ஆளுக்கொன்று சொன்னதால் மூன்றாம் சாட்சி வேண்டியிருந்தது. பொம்பளைகளுக்கும் சாட்சி சொல்ல உரிமை உண்டு என்று தாட்சாயணி என்ற அம்மாள் இறங்கி வந்தாள். ஜூன் மாத வெயில். பஸ்ஸில் இருந்த தாகமெல்லாம் சாட்சியாக மாறி வரிசையில் நின்றது. முன்பு சொன்னதில் தமக்கே இப்போது நிச்சயமில்லை என்று ஏகாம்பரம் மறுபடி வந்தார்.

"போதும் சார், போதும்!"

"விசாரணை நடக்குது. குறுக்க பேசாதய்யா."

குடித்தவர்களில் ஒருவரும் கீழே விழாததால் அது சரக்கு இல்லை என்று தாமோதரன் முடிவு செய்தார். வாளியின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவுதான் மிச்சம் இருந்தது.

பத்து இருபத்தெட்டுக்குத் தேவவரம் கோயிலுக்குள் ஓடிவந்தார். மேஜைமேல் மாம்பழச் சாறு மஞ்சளாகத் தயாராக இருந்தது. போதகர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எழுபது பேர் இருக்காங்க. தண்ணியாவது ஊத்துங்க."

"கானாவூர்ல ஆண்டவரு தண்ணிய ரசமாக்கினாரு. நீங்க ரசத்தத் தண்ணியாக்கச் சொல்றீங்களே, ஐயா."

"பின்னே இது எப்படிப் பத்தும்?"

"எவ்ளோ குடிக்கணும்னு வேதத்துல அளவு போடலயே."

முன்னால் உட்கார்ந்திருந்த கிருபாவதி, தன் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைத் துடைத்து நீட்டினாள். பாலாடைக்கு வசனம் எங்கே என்று போதகர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

எழுபது பேரும் முழங்காலிட்டு, அண்ணாந்து, வாயைத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு சொட்டு. இரண்டு பேருக்கு மூக்கில் விழுந்தது. விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்கள். கடைசி ஆள் தேவவரம். போதகர் பாலாடையைக் கவிழ்த்தார். ஒன்றும் வரவில்லை.

"முடிஞ்சிபோச்சு, தேவவரம்."

"எல்லாரும் குடிக்கணும்னுதான் வேதத்துல கீது, ஐயா. இன்னும் கொஞ்சம் சாய்ங்க," என்றார் தேவவரம், வாயை மூடாமலே.

பாலாடையின் மூக்கில் ஒரு துளி வந்து நின்றது. சபை ஆசீர்வாதத்துக்காக எழுந்து நின்றது. போதகருக்குக் கை வலித்தது. பாலாடையை அசைக்காமல் இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். துளி அவசரப்படவில்லை. தேவவரமும் அவசரப்படவில்லை.