ஒரு பர்லாங்

இடத்தோளில் கம்பு இருக்கும். வலக்கைக் கட்டைவிரல் மட்டும் சும்மா இருக்காது. நூறு எட்டு வைத்ததும் சிறுவிரலின் அடிக்கணுவில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நூறுக்கு நடுக்கணு. நான்கு விரலையும் சுற்றி முடித்து, மறுபடி சிறுவிரலில் இரண்டு கணு ஏறும்போது தார்ரோடு வந்துவிடும். ஆயிரத்து நானூறு எட்டு. கம்பில் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் ஆடிக்கொண்டு வரும் சின்னத்தாய்க்குப் புருஷன் இன்னாசிராஜின் முகம் தெரியாது. அந்த விரல்தான் தெரியும்.

வாரத்துக்கு மூன்று தரம் கட்டப்பனைக்கு டயாலிசிஸ். சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டம். மேட்டிலிருக்கும் லயத்துக்கு, தொழிலாளர் வரிசைவீடுகளுக்கு, ஜீப் ஏறாது. கம்பின் பின்முனை அடுத்த வீட்டுச் சுவக்கீனின் தோளில்.

"ராணி மாதிரில்ல போற, மதினி."

"ராணிய எவன்டா போன வாரம் சகதியில போட்டான்?"

பாதைக்குக் கான்கிரீட் போடும் பட்டியலில் இடம் கிடைத்தால் ஜீப் வாசலுக்கே வரும். தூரம் அரை கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் போதும். பட்டியலின் கடைசி நாளன்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், சின்னத்தாய் பஞ்சாயத்து ஆபீஸில் இறங்கினாள்.

மலையாளத்துக் கிளார்க் பின்சி, தோட்டத்தின் பழைய காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். "லயம் தொட்டு ரோடு வரை ஒரு பர்லாங். இருநூறு மீட்டர், சேச்சி. நான் என்ன செய்யும்?"

"இருநூறா? எங்க வீட்டுக்காரரு தெனமும் எண்ணுறாரு. ஆயிரத்தி நானூறு எட்டு!"

"எட்டு காகிதத்துல இல்லையே."

"பர்லாங்குன்னா என்னம்மா அது?"

பின்சி போனில் தேடினாள். படிக்கப் படிக்க அவளுக்கே சிரிப்பு வந்தது. "பழைய இங்கிலீஷு, சேச்சி. உழவு சாலோட நீளம்னு அர்த்தம். எருது நிக்காம ஒரே மூச்சுல உழுது போற தூரம்."

"எங்க மேட்டுல எந்த எருதும்மா உழுதுச்சு? எனக்கு வாய்ச்ச ரெண்டு எருதும் நாலு எடத்துல நின்னு மூச்சு வாங்குதுக."

வாசலில் நின்ற இன்னாசிராஜ் சிரிக்கவில்லை.

"திரும்ப அளக்கச் சொல்லும்மா" என்றாள் சின்னத்தாய்.

"எஸ்டேட் சம்மதிக்கணும், சர்வேயர் வரணும். லிஸ்ட்டு இன்னைக்கு அஞ்சு மணிக்கு மூடும்."

மணி நாலே முக்கால். பின்சி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சின்னத்தாய்க்கு நாளுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜீப்பில் கேட்டாள்: "நீங்க ஒரு வார்த்த பேசியிருக்கலாமுல்ல?"

"பேசி?" என்றார் இன்னாசிராஜ்.

அடுத்த பட்டியல் ஒரு வருஷம் கழித்துத்தான். கார்த்திகையில் ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். கம்பின் முன்முனையைச் சுவக்கீனின் மச்சான் பிடித்தான். பாதி இறக்கத்தில் நாற்காலியை இறக்கி வைத்து இளைப்பாறியபோது, சுவக்கீன் பேச்சுவாக்கில் சொன்னான்: "தொண்ணூத்தி நாலுல இந்தப் பாதைய அளந்தப்ப எங்கப்பாதான் சங்கிலிக்கு ஒரு முனை, மதினி. நல்ல மழை. காலெல்லாம் அட்டை. ஓவர்சியர் மேல ஏறாம குடைக்குள்ளயே நின்னுட்டாராம். பத்து சங்கிலி, ஒரு பர்லாங் ஆனதும், 'அவ்வளவுதான் சார், லயம் வந்துருச்சு'ன்னு மேல்முனையப் பிடிச்சிட்டு நின்னு குரல் குடுத்தது நம்ம இன்னாசி அண்ணன்தான்."