அம்மா எழுதிய பரீட்சைகள்

எங்கள் அம்மா லால்குடியில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, திருவெறும்பூரில் தொழிற்சாலை ஊழியராக இருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அப்பா மறைந்தபின் ஸ்ரீரங்கத்தில் என் புகுந்த வீட்டில் தங்கினார். பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிடக்கூட யாராவது கூப்பிட வேண்டியிருந்தது.

அப்போதுதான் பஸ்ஸில் வளர்மதியைச் சந்தித்தார். பார்வையற்ற கல்லூரி மாணவி. அவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுத ஆள் தேவைப்பட்டது. எழுதுபவர் மாணவியைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி.

"நான் பத்தாவதுதாம்மா, போதுமா?" என்று அம்மா கேட்டாராம்.

முதல் தேர்வு முடிந்து வந்த அன்று, அவரே தட்டு போட்டு உட்கார்ந்தார். "மூணு மணி நேரம்டி! கை விட்டுப்போச்சு, ஆனா மனசு லேசா இருக்கு. அந்தப் பொண்ணு பதிலுக்கு யோசிச்சா எனக்குப் படபடன்னு வருது" என்று சிரித்தார். அப்புறம் வேறு மாணவர்களுக்கும் எழுதினார். வீட்டில் பழைய அம்மா திரும்பி வந்திருந்தார்.

இனி எழுதுவதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். என் கல்யாணத்தின்போது, புகுந்த வீட்டாரிடம் அம்மா பி.ஏ. என்று பொய் சொல்லியிருந்தேன். அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருநாள் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது கல்லூரியிலிருந்து அவர் போனுக்கு அழைப்பு வந்தது. நான் எடுத்தேன்.

"அம்மா என்ன படிச்சிருக்காங்கன்னு ஃபார்ம்ல விட்டுப்போச்சுங்க."

என் மாமியார் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "பி.ஏ." என்றேன்.

"அப்ப அவங்க எழுதக்கூடாதுங்களே" என்று வைத்துவிட்டார்கள்.

அதன்பின் அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. "ஏன்டி, என் கையெழுத்து புரியலையோ?" என்று எத்தனையோ முறை கேட்டார். "பரீட்சை தள்ளிப்போயிருக்கும்மா" என்றேன். திருத்திச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கௌரவம் பார்த்தேன். அம்மாவை மறுபடியும் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்தக் கேள்வியோடுதான் அவர் கண்ணை மூடினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வளர்மதி வந்தார். "அம்மா வரமாட்டாங்கன்னு மட்டும்தான் காலேஜ்ல சொன்னாங்க. என் மேல கோபமோன்னு போன் பண்ணவே பயந்தேங்க" என்றார். கூடம் நிறைய உறவினர்கள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

ஓராண்டு கழித்து, அம்மாவின் இந்த நினைவு மலரில் சொல்கிறேன். அம்மா படித்தது பத்தாம் வகுப்பு. அவர் எழுத வராமல் போனதற்கு நானே காரணம். என் மாமியார் என்னை மன்னிக்க வேண்டும்.

அம்மாவின் கடைசி நாட்களில் துணை நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. இந்த மலரை வளர்மதியால் படிக்க முடியாது. நானே போய் வாசித்துக் காட்டுகிறேன்.